திருப்பி எறிந்த பந்து

புலம்பெயர்ந்து செவன் ஹில்ஸுக்கு வந்து ஒன்பது ஆண்டுகளாகியும் ஒரு விஷயம் எனக்குப் பழகவில்லை. வியாழக்கிழமைகளில் குப்பை வண்டி போனதும், பக்கத்து வீட்டுப் பெண்மணி லின் எங்கள் வெறும் தொட்டியையும் உருட்டிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுகிறார். நாங்கள் கேட்டதில்லை. நகரசபையின் குப்பை விதிகளை முழுவதும் படித்தேன். அப்படியொரு ஏற்பாடு அதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகள் அரச அலுவலகத்தில் விதிகளை மேய்த்தவனுக்கு, விதியில் இல்லாத அன்பை எந்தக் கோப்பில் போடுவது என்று தெரிவதில்லை.

ஆகவே, ஞாயிறு மத்தியானம் மகனின் ஆட்டத்துக்கு வரும்படி லின் கேட்டபோது மறுக்க முடியவில்லை. மகன் ஜோஷ், முப்பத்தைந்து வயதுத் தொழில்முறை பேஸ்பால்காரர். ஓய்வுபெறுமுன் அன்றுதான் அவருடைய கடைசி ஆட்டம். இத்தனை ஆண்டுகளில் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் ஒன்றைக்கூட அடித்ததில்லை. "ஒன்றே ஒன்று போதும்," என்றார் லின். அருகிலிருந்து பார்க்க அவருக்குப் பதற்றம். அதனால் தூரத்து வேலிக்குப் பின்னால், புல்மேட்டில் கதிரைகளை விரித்து இருந்தோம். முதல்நாளே விதிப்புத்தகத்தைப் படித்து முடித்திருந்த நான், ஒவ்வொரு சுற்றிலும் மனைவி பவானிக்கு விளக்கம் சொன்னேன்.

"கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு பாருங்கோவன்," என்றாள்.

ஒன்பதாவது, கடைசிச் சுற்று. ஜோஷின் அணி ஓர் ஓட்டம் பின்னால். இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. இன்னொருவர் போனால் முடிந்தது. ஓர் ஓட்டத்துக்குச் சுற்றிவர வேண்டிய தளங்களில் முதலாவதில் ஒருவர் நிற்க, ஜோஷ் மட்டையோடு வந்தார். லின் கண்களை மூடிக்கொண்டார். பலகையில் ஆணி அறைந்தாற்போல் ஒரு சத்தம். பந்து உயர்ந்து, வேலியைத் தாண்டி, புல்லில் ஒருமுறை குதித்து என் காலடிக்கு உருண்டு வந்தது. ஒரே அடியில் இரண்டு ஓட்டம், வெற்றி.

சின்ன வயதில் எங்கள் பள்ளி மைதானத்தில் இருந்தது ஒரே கிரிக்கெட் பந்து. மதிலுக்கு வெளியே போனால் ஆட்டம் நிற்கும். வீதியில் போகிற தபால்காரரும் சைக்கிளை நிறுத்தி, எடுத்து எறிந்துவிட்டுத்தான் போவார். எறியாதவன் கள்ளன். எழுபத்திரண்டு வயதிலும் தோள் அதை மறக்கவில்லை. எழுந்து, முழுப் பலத்தோடு பந்தை மைதானத்துக்குள் எறிந்தேன்.

எங்களைச் சுற்றி ஆரவாரம் பாதியில் நின்றது. பின்னாலிருந்த மனிதர், "நண்பா, நீ எந்தப் பக்கம்?" என்றார். இங்கே பந்து எடுத்தவருக்கே சொந்தமாம். எதிரணி அடித்ததை மட்டும்தான், வேண்டாம் போ என்று, திருப்பி எறிவார்களாம். விதிப்புத்தகத்தில் இது என் கண்ணில் படவில்லை.

லின் கண்ணைத் திறந்து, மகன் தளங்களைச் சுற்றி ஓடுவதைப் பார்த்தார். பிறகு என் வெறுங்கையைப் பார்த்தார். "நோ வொரீஸ், பரவாயில்லை," என்றார். வழக்கமாக அதை உரக்கச் சொல்பவர்.

"என்னப்பா செய்தனீங்கள்? அந்த மனுசி இத்தனை வருசம் பார்த்திருந்த பந்தெல்லே," என்றாள் பவானி.

வேலியில் ஒரு சிறு கதவு. மேலே 'உட்செல்லத் தடை' என்று பலகை. அத்தகைய பலகைகளுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தே ஓய்வூதியம் பெற்றவன் நான். கதவைத் திறந்து புல்லில் நடந்தேன். காவலாளி ஓடிவந்து, "சேர், இங்கே வரக்கூடாது," என்றார்.

"தெரியும்," என்றேன். பந்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

லின் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். ஜோஷ் வந்ததும் படம் எடுக்க வேண்டுமென்றார். பந்தை என் கையிலேயே கொடுத்து, தாயும் மகனும் இருபுறமும் நின்றார்கள். பவானி கைப்பேசியைத் தூக்கினாள்.

"திரும்ப எறிஞ்சுபோடாதேங்கோ."

அந்தப் படம் இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில். பந்தை நெஞ்சோடு அணைத்துச் சிரிக்கிறேன். உற்றுப் பார்த்தால், வலது தோள் மட்டும் பின்னுக்குச் சாய்ந்து, எறிவதற்குத் தயாராக நிற்பது தெரியும்.