கண் எழுதாத அட்டை

நாவலை எழுதி முடிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. அந்த நான்கு வருடத்தில் படாத பாட்டை அதற்கு ஓர் அட்டை தேடிய இரண்டு மாதத்தில் பட்டேன். பதிப்பகங்கள் எல்லாம் கைவிரித்த பிறகு நானே போட்டுக்கொள்வதென்று கிளம்பியவன் நான். சொந்தப் பதிப்பு என்றால் எல்லாம் நம் இஷ்டம்தானே என்று பூரித்திருந்தேன். தன் இஷ்டம் எது என்று தெரியாதவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

நாவலின் பெயர் ‘பிஸ்கட்’. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற யாருக்கும் இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. அச்சில் வார்த்து, காயவைத்து, ஒரே ஒரு தடவை சூளையில் சுட்டு எடுத்த பொம்மைதான் பிஸ்கட். பளபளப்பு இருக்காது, நிறம் இருக்காது. நாக்கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம்தான் அதை மெருகுக் கரைசலில் முக்கி இரண்டாம் தடவை சுடுவார்கள். கண் எழுதுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். என் அக்கா அந்தக் கண் எழுதும் மேசையில் வேலை செய்தாள்.

நான் நாலாம் வகுப்பு போகும்போது அவள் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். அவள் சம்பளத்தில் படித்துத்தான் நான் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் ஆனேன். அவளுக்கு இன்றைக்கும் கைநாட்டுதான். நாவல் முழுக்க அவள் கதை. படித்துக் காட்டலாம் என்று உட்கார்ந்தால், “வேலைய வுட்டு வந்தும் வேலக் கதையாடா?” என்று இரண்டாம் பக்கத்தில் தூங்கிப்போவாள். ஆக, அந்தப் புத்தகத்தில் அவள் படிக்கப்போகும் ஒரே பக்கம் அட்டைதான். அதைப் பார்த்து இது தன்னுடையது என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் நான் எழுதியது அத்தனையும் எனக்காக மட்டும் எழுதிக்கொண்டது என்று ஆகிவிடும். இந்தப் பயம்தான் என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

முதல் அட்டையைச் சென்னையில் இருந்த ஓர் ஓவியர் வரைந்து கொடுத்தார். நண்பரின் நண்பர். உழைக்கும் பெண்களைப் பற்றிய நாவல், பெயர் பிஸ்கட் என்று கடிதம் போட்டிருந்தேன். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து இன்டர்நெட் சென்டரில் போய்த் திறந்தேன். அந்தக் காலத்து வேகத்துக்கு, படம் மேலிருந்து ஒவ்வொரு விரற்கடையாக இறங்கியது. முதலில் நீல வானம் வந்தது. பிறகு ஆவி வந்தது. பிறகு ஒரு டீ கிளாஸ். அதன் பக்கத்தில் இரண்டு பிஸ்கட்டுகள், சுற்றிலும் பல் பல்லாக, நடுவில் புள்ளிப் புள்ளியாக ஓட்டையுடன்.

“என்னா சார், பிஸ்கட்டு ஏஜென்சி எடுத்திருக்கீங்களா?” என்றார் அடுத்த கம்ப்யூட்டரில் இருந்தவர்.

ஓவியரைத் தொலைபேசியில் பிடித்தேன். டீ நேரம்தான் உழைக்கும் பெண்கள் மூச்சு விடும் நேரம், அதைத்தான் வரைந்ததாகச் சொன்னார். கோபப்படவும் முடியவில்லை. தப்பு என்னுடையது. எங்கள் ஊர்ச் சொல் ஊர் எல்லையைத் தாண்டினால் வேறு பொருள் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு தமிழ் வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

அடுத்து ஜங்ஷன் ரோட்டில் ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அந்தக் கடைக்காரர் கையால்தான் அச்சுக்குப் போகும். கதையை முழுக்கச் சொன்னேன். கண்கலங்கக் கேட்டவர், மறுநாளே மூன்று அட்டை செய்து வைத்திருந்தார். மூன்றிலும் நாலு மூலையிலும் ரோஜாப்பூ. ஒன்றில் முக்காடு போட்ட பெண்ணின் நிழல், ஒன்றில் குத்துவிளக்கு, ஒன்றில் பெரிய கண்ணீர்த் துளி.

“துளி எங்கிட்ட ரெடியாவே இருக்குது சார். பெருசாவும் ஆக்கலாம், சின்னதாவும் ஆக்கலாம்” என்றார்.

அந்த மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டிக் கருத்துக் கேட்டேன். அவர் ஸ்ரீமுஷ்ணத்தில் இறங்குகிற வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் வந்து, இறங்கும்போது, “யாரு சார் தவறிப்போனது?” என்று கேட்டார். வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்து, வாசற்படியில் நின்று பார்த்தேன், கிணற்றடியில் நின்று பார்த்தேன். வகுப்பில் செய்யுளை நடத்திக்கொண்டே வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் கிறுக்கினேன். “நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்ல” என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை.

ஒரு சனிக்கிழமை சட்டென்று தோன்றியது. எதற்கு ஓவியம்? நிஜமான பிஸ்கட் பொம்மை ஒன்றைப் படம் பிடித்துப் போட்டால் என்ன? அக்காவிடம் காரணத்தை மறைத்து, ஒரு பிஸ்கட் எடுத்து வரச் சொன்னேன்.

“பிஸ்கட்டு கம்பெனி கேட்டத் தாண்டாது. அரகொற வேலைய யாராவது வெளிய அனுப்புவாங்களா?” என்றாள்.

அதைக் கம்பெனிச் சட்டம் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். கம்பெனிக்குப் பின்னால் உடைசல் கொட்டும் மேட்டில் பாதி நாள் கிளறி, பாதத்தில் மட்டும் விரிசல் விட்ட ஒரு பெண் பொம்மையைக் கண்டெடுத்தேன். ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணி விரித்து, அதை முகம் தெரியப் படம் எடுத்தார். கறுப்புப் பின்னணியில் வெளுத்த முகம். மூக்கு உண்டு, உதடு உண்டு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மழமழப்பான குழிகள். பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

டிடிபி கடைக்காரர் தயங்கினார். “சார், கண்ணு இல்லாம ஒரு மாரி இருக்குதுங்க. நல்ல காரியம் பண்றீங்க. ஒரு நிமிஷம் குடுங்க, கண்ண ஒட்டித் தரேன்.”

“கை வெச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்” என்றேன். பாதி வெந்த வாழ்க்கை, பார்வை மறுக்கப்பட்ட பெண், சமூகத்தின் குருட்டுத்தனம் என்று கால் மணி நேரம் அவருக்குப் பாடம் நடத்தினேன். “சரிங்க சார்” என்றார், காய்ச்சல்காரனுக்குத் தலையாட்டுவது போல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அட்டையின் பிரிண்டை அவளிடம் நீட்டினேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கையைத் தள்ளி நீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“எங்க கம்பெனி பொம்மையாடா இது?”

“ஆமாக்கா.”

“கண்ணு எழுதலியே.”

“அதுதாங்க்கா அர்த்தம்” என்று நான் ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

“கத என்னப் பத்துனதுன்னு ஊரு முழுக்க சொல்லிக்கிட்டுத் திரியிற. இத்தினி வருஷத்துல ஒரு பொம்மையக் கண்ணு இல்லாம நான் அனுப்பினது கெடையாது. காய்ச்சலோட போயி எழுதியிருக்கேன். இதப் பாத்தா எங்கூட வேல செய்யிறவங்க என்னா சொல்லுவாங்க? இவ எழுதாம வுட்டுட்டாடீன்னுதான?”

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவளுக்குப் பார்வை இல்லை என்று சொல்ல நான் இரண்டு மாதம் அலைந்திருக்கிறேன். அவளோ பார்வை கொடுப்பதையே தொழிலாகச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நான்கு வருடம் அவளைப் பற்றியே எழுதியவனுக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, உள்ளபடியே வெட்கமாக.

“கறுப்பு மசி வெச்சிருக்கியா?” என்றாள்.

பள்ளிக்கூடத்து மசிப் புட்டி இருந்தது. அவள் தன் டிபன் பையிலிருந்து அணில் முடி பிரஷ்ஷை எடுத்து, நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினாள்.

“அக்கா, பிஸ்கட்டுக்குக் கண்ணு எழுத மாட்டாங்களே” என்றேன், கடைசி ஆயுதமாக.

“நெருப்புல போனாதான கண்ணு அழியும்? பொஸ்தகமா அச்சுல போனா அழியுமா?”

வலது கண்ணை எழுதினாள். ஒன்றை எழுதி இன்னொன்றை எழுதும் வரை அவள் பேச மாட்டாள். நடுவில் பேசினால் கண் மாறுகண் ஆகிவிடும் என்பது அந்த மேசையின் நம்பிக்கை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இடது கண்ணின் கருவிழியையும் வைத்துவிட்டு மூச்சு விட்டாள். பொம்மை நேராகப் பார்க்கவில்லை, கொஞ்சம் தள்ளி, யாரோ வருகிற பக்கமாகப் பார்த்தது.

“ஏங்க்கா நேரா பாக்கல?”

“நேரா பாத்தா, வாங்கு வாங்குன்னு கேக்குற மாரி இருக்கும். தள்ளிப் பாத்தாதான், என்னத்தப் பாக்குதுன்னு கையில எடுத்துப் பாப்பாங்க. எடுத்தவங்க பாதிப் பேரு கீழ வெக்க மாட்டாங்க.”

அட்டையைப் பற்றி எனக்கு யாரும் அதற்கு முன் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்தத் தாளை அப்படியே எடுத்துப்போய் டிடிபி கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஸ்கேன் செய்துகொண்டார், நல்ல மனிதர்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். அவள் பிரிக்கவில்லை. அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“உள்ள எத்தினி பக்கம்டா எழுதியிருக்க?”

“இருநூத்தி நாப்பது.”

“நான் ரெண்டே ரெண்டுதான் எழுதினேன்” என்றாள். “ஆனா என்னுதத்தான் எல்லாரும் மொதல்ல படிப்பாங்க.”