தள்ளிப்போன கங்கா ஸ்நானம்

தீபாவளியன்று விடிகாலையில் பக்கத்து வீட்டில் சண்டை. பட்டாசுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"வருஷத்துக்கு ஒரு நாள்... தலைக்கு எண்ணெய் வெச்சுக்காம எப்படிடி?"

"நக்கோ அத்தை, வேணாம். தண்ணி பட்டா பிளாஸ்திரி போயிடும். பிளாஸ்திரி போனா என் சீட் போயிடும்."

எங்கள் பேட்டையான அல்வாலில் சுலோசனாவின் பிடிவாதம் பிரசித்தம். நாங்கள் இருவரும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. நான் அக்கவுண்ட்ஸ், அவள் ஒயரிங். ஒயர்களை ஈயத்தால் பற்றவைக்கும் சாலிடரிங்கில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மழைக்காலத்தில் அவள் விரலில் லேசான அரிப்பு வந்தது. தொழிற்சாலை டிஸ்பென்சரியில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு டிஸ்பென்சரி ட்யூப் என்றால் தனி பக்தி — இலவசம் ஆயிற்றே. கொசுக்கடிக்கும் அதுதான், சேற்றுப்புண்ணுக்கும் அதுதான். சுலோசனாவும் விடாமல் பூசினாள். அரிப்பு மணிக்கட்டுக்கு ஏறியது. இன்னொரு ட்யூப் கொடுத்தார்கள். முழங்கைக்கு ஏறியது.

சாலிடருக்குப் போடும் ஃப்ளக்ஸ் பசைதான் காரணம் என்று தொழிற்சாலை டாக்டர் முடிவு கட்டினார். ஸ்டோர்ஸுக்கு மாற்றல் தயாராயிற்று. ஸ்டோர்ஸ் போனவர்கள் ஒயரிங் பக்கம் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

"லீவு போட்டு வீட்ல இருந்தப்பதான் ஜாஸ்தியாச்சு. வீட்ல ஏது ஃப்ளக்ஸ்?" என்றாள் பஸ்ஸில். நியாயமான கேள்வி. யார் காதில் விழுந்தது?

அவளே பெரியாஸ்பத்திரி தோல் டாக்டரிடம் போனாள். கையில் படுவதையெல்லாம் கொண்டுவரச் சொன்னார் அந்த அம்மாள். ஃப்ளக்ஸ், கையுறை, துணி சோப்பு, மஞ்சள்தூள்... கடைசியில் க்ரீம் ட்யூபையும் பையில் போட்டாள்.

"மருந்தை எதுக்குடி?" என்றேன்.

"அதுவும்தானே கையில படுது?"

ஒவ்வொன்றிலும் துளியை முதுகில் வைத்து பிளாஸ்திரி ஒட்டினார்கள். இரண்டு நாள் முதுகு நனையக்கூடாது. நடுவில் தீபாவளி. வாரத்தில் ஒரு நாள்தான் இந்தச் சோதனை. அடுத்த வாரம் என்றால் மாற்றல் ஆர்டர் முந்திவிடும்.

புதுப்புடவையில் வந்தவர்கள் எல்லோரும் வழக்கம்போல் கேட்டார்கள்: "கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"ஆகலை. வியாழக்கிழமை ஆகும்" என்று பதில் சொல்லிக்கொண்டே லட்டு நீட்டினாள் சுலோசனா. மாமியார் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

வியாழனன்று பிளாஸ்திரியைப் பிரித்தார்கள். ஃப்ளக்ஸ் வைத்த இடம் சுத்தம். க்ரீம் வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது!

க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்க எத்திலீன்-டை-அமீன் என்று ஒரு ஸ்டெபிலைசர் சேர்க்கிறார்களாம். சிலருக்கு அது ஒவ்வாது. முதலில் வந்தது சாதாரண சோப்பு அரிப்பு. சும்மா விட்டிருந்தால் தானே போயிருக்கும். க்ரீமை விட்டதும் தோல் ஆற ஆரம்பித்தது.

மருந்து கேட்கவில்லை என்றால் நமக்கு என்ன தோன்றுகிறது? இன்னும் கொஞ்சம் பூசு என்றுதானே! மருந்தையே சந்தேகப்பட ஒரு தனித் துணிச்சல் வேண்டும். எனக்கு அது கிடையாது. அவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

தோல் டாக்டரின் சீட்டைத் தொழிற்சாலை டாக்டர் இரண்டு முறை படித்தார். மனிதர் நல்லவர்; சங்கடத்துடன் கேட்டார்: "இப்போ உங்களுக்கு நான் என்னம்மா கொடுக்கட்டும்?"

"ஒண்ணும் கொடுக்காதீங்க சார்" என்றாள் சுலோசனா. "என் சீட்ல உட்கார விடுங்க, போதும்."