சாம்பியன் நயினாரின் டயர்கள்

எனக்கு நயினார் மாமாவைப் பிடிக்காது. அம்மா வழியில் தூரத்து உறவு. உறவென்றால் பிடித்தே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையே. ஆயுளில் அவர் உருப்படியாகச் செய்த ஒரு வேலையைச் சொல் என்று கேட்டால் நான் முழிப்பேன். பஜாரில் இவனை அவனிடம் கைகாட்டிவிட்டு இரண்டு பேரிடமும் கமிஷன் வாங்குவார். போட்ட ஜிப்பா கசங்காமல் வீடு திரும்புவார். இந்த மனிதருக்குத்தான் தூத்துக்குடியில் 'சாம்பியன்' என்று பெயர். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். விழுந்து விழுந்து கும்பிடுகிறார்கள். அந்தப் பட்டம் வந்த வழியை நேரில் பார்த்தவன் நான். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அது யுத்த காலம், நாற்பத்து நாலாம் வருஷம். பெட்ரோல் கிடையாது. சைக்கிள் டயரை ஜனங்கள் மறந்தே போயிருந்தார்கள். சைக்கிள் சாமான் கடை செந்தில்வேல் அண்ணாச்சியிடம் யார் போய்க் கேட்டாலும் கையை விரிப்பார். பின்கட்டில் அவர் பதுக்கி வைத்திருந்தது அவருக்கும் அங்கே ஓடும் பல்லிக்கும் மட்டும் தெரியும். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று தேசசேவை செய்ய ஆசை வந்தது. யுத்த நிதிக்காக என்று சொல்லி அதிகாரிகளைக் குளிரவைக்க மூன்று நாள் சைக்கிள் பந்தயம் ஒன்றை அறிவித்தார். முதல் நாள் தூத்துக்குடியிலிருந்து ஏரல். இரண்டாம் நாள் ஏரலிலிருந்து விளாத்திகுளம். மூன்றாம் நாள் விளாத்திகுளத்திலிருந்து எட்டயபுரம் வழியாகத் திரும்பத் தூத்துக்குடி. எவன் அதிக நாள் முதலாவதாக வருகிறானோ அவனுக்குப் புத்தம்புது டயர் ஒரு ஜோடி, ட்யூபோடு.

ஓட்டியவர்கள் எல்லாரும் கூலிக்கு ஓட்டியவர்கள். கடைக்கு ஒரு ஆள். பனியன் முதுகில் கடைப்பெயர். நயினார் மாமா ஒரு கலர்சோடாக் கம்பெனிக்காக வாடகை சைக்கிளில் இறங்கினார். சொந்தமாக அவருக்கு ஒரு சைக்கிள் மணிகூடக் கிடையாது.

பால்துரை ஒரு காப்பி ஓட்டலுக்காக இறங்கினான். அவன் கருவாட்டு வியாபாரி. ஓலைப்பெட்டியில் கருவாட்டை அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் போய் விற்றுவருவான். அவன் டயரில் பழைய டயர்த் துண்டுகளை உள்ளே கொடுத்துத் தைத்திருந்தது. அதன்மேல் சாக்குக்கயிறு சுற்றியிருந்தது. இன்னும் ஒரு மாசம் தாங்கினால் பெரிய விஷயம். அது போனால் வியாபாரம் போயிற்று. கருவாட்டை எவ்வளவு தூரம் தலையில் சுமக்க முடியும்? ஓட்டல் முதலாளி தன் சைக்கிள் டயர்களைக் கழற்றி மூன்று நாளைக்கு மட்டும் இரவல் கொடுத்தார். பால்துரைக்குக் கூலி பெரிதில்லை. பரிசு டயர்தான் வேண்டும்.

நடுவராக வாய்த்தவர் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வாத்தியார் சக்ரபாணி. விடியற்காலையில் விசிலை ஊதிச் சைக்கிள்களை அனுப்பிவிட்டு அனுஷ்டானத்துக்கு உட்கார்ந்துவிடுவார். அது முடிந்து, காப்பி முடிந்து, அப்புறம்தான் கரி பஸ்ஸில் ஏறுவார். அந்த பஸ் கரியை எரித்துப் புகையில் ஓடுவது. பின்னால் அண்டா மாதிரி ஒரு அடுப்பு. அதை விசிறிக் கனலவைக்கவே பாதிப் பொழுது போய்விடும். கிளம்பினாலும் பாலத்துக்குப் பாலம் நின்று சாம்பல் தட்டவேண்டும். உப்புக் கம்பெனி கிளார்க்கான என்னையும் ஒத்தாசைக்கு ஏற்றியிருந்தார்கள். சைக்கிள்காரர்களுக்குப் பின்னால் போய்ச் சேருகிற நடுவரை உலகத்தில் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நாங்கள் ஏரல் போய்ச் சேர்ந்தபோது மாமா கழுத்தில் மரிக்கொழுந்து மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த பால்துரை பதறி ஓடிவந்தான்.

"சாமி, நாந்தான் மொதல்ல வந்தேன். இவுக எனக்குப் பொறவுதான் வந்தாவ."

"அப்போ மாலை எப்படி இவர் கழுத்துல விழுந்தது?" என்றார் சக்ரபாணி.

"அது எனக்குத் தெரியாது சாமி. நான் தண்ணி குடிக்கப் போனேன்."

"ஊரார் போட்ட மாலையைக் கழட்டி இன்னொருத்தன் கழுத்துல போடப்படாது. அபசாரம்."

அத்தோடு தீர்ப்பு முடிந்தது. ஊரார் யாரும் மாலை போடவில்லை. ஏரல் கடைத்தெருவில் மாமாவே காசு கொடுத்து வாங்கித் தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டார். நான் இட்டுக்கட்டவில்லை. பின்னாளில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் அவரே தொடையைத் தட்டிச் சிரித்துச் சொன்னது இது. "மிதிக்கதுக்குக் காலு போதும்லே, ஜெயிக்கதுக்கு மூளை வேணும்" என்றார். சுற்றியிருந்த மடையர்களும் கூடவே சிரித்தார்கள்.

மறுநாள் பால்துரை உஷாராகிவிட்டான். விளாத்திகுளத்தில் முதலாவதாகப் போய்ச் சேர்ந்தவன் தண்ணீருக்குக்கூட நகரவில்லை. உச்சி வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றான். சாட்சிக்கு வருவதாகச் சொன்ன உள்ளூர்ப் பிரமுகர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எங்கள் பஸ் வழியில் படுத்துவிட்டு வந்து சேர்ந்தபோது பால்துரைக்குப் பக்கத்தில் மாமா நின்றார். கழுத்தில் மறுபடியும் மாலை.

அதே ஏரல் மாலைதான். ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கரிசல் காட்டில் வைகாசி வெயிலில் மரிக்கொழுந்து எங்கே முளைக்கும்? நான் சக்ரபாணியின் காதில் சொன்னேன்.

"சார், கொழுந்து வாடியிருக்கு. இது நேத்து ஏரல்ல பார்த்த மாலை."

"ஓய், நீர் கரியைப் பார்த்துக்கும். மாலையை நான் பார்த்துக்கறேன்" என்றார். படித்த மனிதர், கண்ணாடி வேறு போட்டிருந்தார். ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கும் மாமா பெயரையே முதலாவதாக எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் தூத்துக்குடியில் ஊரே கூடி நின்றது. பால்துரை ஒற்றை ஆளாக முன்னால் வந்தான். அவன் வந்து வெகுநேரம் கழித்து நாலாவதாக வந்தார் மாமா. ஜனங்கள் பால்துரையைத் தோளில் தூக்கி ஆடினார்கள். பிறகு எங்கள் பஸ் வந்து சேர்ந்ததும் மேடையில் சக்ரபாணி எழுந்து, இரண்டு நாள் முதலாவதாக வந்தவர் நயினார் என்று வாசித்தார். தோளில் தூக்கிய அதே ஜனங்கள் அவனை இறக்கிவிட்டு மாமாவுக்குக் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட ஊர். மேடைக்குக் கீழேயே ஓட்டல் முதலாளியின் ஆள் வந்து இரவல் டயர்களைக் கழற்றிக்கொண்டு போனான். பால்துரை வெறும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் முகத்தை அன்று நான் பார்த்தேன்.

மாமா டயர்களைக் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஒரு மாசம் கழித்துப் பால்துரையின் பெண்டாட்டி சீனித்தாய் வந்து வாசலில் நின்றாள். நான் அப்போது உள்ளே இருந்தேன்.

"அண்ணாச்சி, எங்க டயரு கிழிஞ்சு போச்சு. அவுக விளாத்திகுளத்துக்கு நடந்துல்லா போறாவ. விலைக்காவது தாங்க."

"அது பரிசுல்லா. சாமி படம் மாதிரி. விக்கச் சொல்லுதியே?"

"உங்களுக்குத்தான் சைக்கிளே இல்லையே அண்ணாச்சி."

"அதுக்கு? இதக் கழட்டிட்டா நான் ஜெயிச்சதுக்கு என்ன அத்தாட்சி?"

அவள் சுவரை ஒரு தடவை, அவரை ஒரு தடவை பார்த்தாள். "அத்தாட்சி இல்லாம நிக்காத செயிப்பு என்ன செயிப்பு?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மாமாவுக்கு உறைக்கவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

நடந்து விற்ற கருவாடு வழியிலேயே பாதி கெட்டது. மழைக்கு முன்பே வியாபாரம் படுத்துவிட்டது. பால்துரை துறைமுகத்தில் உப்பு மூட்டை தூக்கப் போனான்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷத்தில் கடைக்குக் கடை டயர் தொங்கியது. சுவரில் இருந்த டயர்கள் கடல்காற்றில் வெடித்து, மாமா வீட்டுத் தரையில் கறுப்புத் தூளாக உதிர ஆரம்பித்தன. அத்தை தினம் பெருக்கித் திட்டினாள். மாமா அவற்றைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு நேரே துறைமுகத்துக்கு வந்தார். சம்பள நாள், நல்ல கூட்டம்.

"ஏலே பால்துரை, இந்தா. சும்மாவே தாரேன், வச்சுக்க" என்று எல்லாரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

பால்துரை வாங்கி அழுத்திப் பார்த்தான். ரப்பர் பொலபொலவென்று கையோடு வந்தது.

"சைக்கிள வித்துட்டேன் அண்ணாச்சி" என்றான். "டயரு இல்லாததால பாதி விலைக்குத்தான் போச்சு."

மாமா அதைக் கேட்க நிற்கவில்லை. பெரிய மனசு, பெரிய மனசு என்று கூட்டத்தில் நாலு பேர் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அது போதும் அவருக்கு. ஜெயித்த பரிசைத் தோற்றவனுக்கே தானம் செய்த வள்ளல் என்று அடுத்த வாரமே ஒரு கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பால்துரை அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி சுமந்தான், கூலிக்கு.