பிள்ளைப்பாக்கத்து எண்ணோடு ஒரகடத்தில்

ஆலை ஆலையாகப் போய் இயந்திரம் பழுதுபார்ப்பவனுக்குச் சந்தேகம்தான் முதல் கருவி. ஒவ்வொரு ஆலையின் நெட்வொர்க்கிலும் நம் லேப்டாப்புக்கு அங்கே வேறெதற்கும் இல்லாத ஒரு ஐ.பி. எண் தருவார்கள். இடம் மாறினால் எண்ணை மாற்றிவிட்டுத்தான் கேபிளைச் செருக வேண்டும். உங்களுக்கும் ஒருநாள் மறந்திருக்கும். எனக்கு மறந்தது இப்படி.

கேட்டில்

என் லேப்டாப்பில் லினக்ஸ்; எண்ணை மாற்றக் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். பிள்ளைப்பாக்கத்து வேலையை முடித்துவிட்டு ஒரகடம் ஆலைக்கு வந்தேன். கேட்டில் நின்றபடியே எண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன். கறுப்புத் திரையைக் குனிந்து பார்த்த செக்யூரிட்டி, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஐம்பத்துமூன்று வயதில் திருடனைப் போல வியர்த்தது. பாதியிலேயே மூடிவிட்டேன்.

"இன்னா சார், ஒரே எழுத்தா கீது? உள்ள எதுனா ஆச்சுன்னா உன்னத்தான் மொதல்ல கேப்பாங்க."

லைன் நின்றது

உள்ளே போய், பழுதான இயந்திரத்தில் கேபிளைச் செருகினேன். பக்கத்து இயந்திரத்தில் லேபிள் ஒட்டுவது நின்றது. அதோடு லைன் முழுவதும் நின்றது. அதை இயக்கிக்கொண்டிருந்தவர் இசக்கியம்மாள், திருநெல்வேலிப் பக்கம், ஒப்பந்த வேலை. சூப்பர்வைசர் ஓடிவந்தார். நான் கேபிளை மெதுவாக உருவினேன். லைன் ஓடியது. "என் வேலை இந்தப் பக்கம்தான்" என்றேன். பொய் இல்லை. மெமோவில் இசக்கியம்மாள் பெயர் ஏறியது. அது அவருக்கு இரண்டாவது மெமோ. இனி ஒப்பந்தம் நீளாது.

"நான் ஒண்ணையும் தொடலை சார். இவுக வயரைச் செருகவும்தான் நின்னுச்சு."

டீக்கடையில்

மதியம் எதிரே இருந்த டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்தேன். பிள்ளைப்பாக்கத்து எண் அப்படியே இருந்தது. கேபிளைச் செருகியதும் லேப்டாப் கடைசியாக வைத்த எண்ணைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆலைகளின் எண்களைக் குறித்துவைத்த நோட்டைப் புரட்டினேன். ஒரகடத்தில் அதே எண் லேபிள் இயந்திரத்துக்கு. ஒரே எண்ணில் இரண்டு பேர் நின்றால் லைன் யார் பேச்சைக் கேட்கும்?

சொன்னால் ஆலைக்குள் நுழையும் என் பாஸ் போகும். டீ ஆறிப்போனது. திரும்பிப் போய்ச் சொன்னேன். சூப்பர்வைசர் மெமோவைக் கிழித்தார். என் பாஸையும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது இசக்கியம்மாள் கிட்டே வந்தார்.

"சொன்னதுக்குச் சந்தோசம் சார். ஆனா வயரை உருவும்போதே உங்களுக்குத் தெரியும்லா?"

இப்போது எந்த எண்ணும் தானாக ஏறாதபடி மாற்றிவிட்டேன். எந்த இடம் என்று நானே தட்டிச் சொல்லும்வரை என் லேப்டாப்கூட என்னை நம்புவதில்லை.