பெட்டிச் செய்தியில் தம்பி

சுகாதாரத் துறை அலுவலகத்தில் அவளுக்கு ‘ரெண்டு பக்கம்’ என்று பட்டப்பெயர். எவ்வளவு பெரிய பிரச்சினையைக் கொடுத்தாலும் இரண்டே பக்கத்தில் கொள்கைக் குறிப்பாக அடக்கி மேலிடத்துக்கு அனுப்பிவிடுவாள். கொசு, குடிநீர், கர்ப்பிணிகளின் ரத்தசோகை, எல்லாம் இரண்டு பக்கம்தான். மேலே இருப்பவர்கள் மூன்றாம் பக்கத்தைப் புரட்டியதாகச் சரித்திரமே இல்லை. கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அவள் தம்பி கல் அறுப்பவன். சமையல் மேடைக்குப் போடுகிற பளபளப்பான பலகைக் கல்லைத் தகரக் கொட்டகையில் நாள் முழுக்க அறுப்பான். வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். இருமல் வந்தது, போகவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தூசி உள்ளே இறுகிவிட்டது, எடுக்க வழியில்லை, இனிமேலாவது சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அறுக்கிற வட்டின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசி கிளம்பாது. ஒரு குழாய், அவ்வளவுதான். கொட்டகை முதலாளியிடம் அவளே போய்க் கேட்டாள்.

“தண்ணி ஊத்துனா தரையெல்லாம் சேறாகும், வேலை இழுக்கும்மா. பக்கத்துக் கொட்டகைக்காரன் போடாம நான் மட்டும் போட்டா என் பொழப்பு போச்சு. சட்டம்னு ஒண்ணு வரட்டும், மறுநாளே போடுறேன்.”

சட்டம்தானே? அது தன் கையில் இருப்பதாக அவள் நினைத்துவிட்டாள், பாவம்.

அப்படி ஒரு குறிப்பை அவள் அதுவரை எழுதியதில்லை. முதல் வரியிலேயே கோரிக்கை: கல் அறுக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தண்ணீர்க் குழாய் கட்டாயம். பிறகு காரணம், செலவு, யார் செய்ய வேண்டும் என்பது. இரண்டாம் பக்கத்து மூலையில், வழக்கம்போல, பாதிக்கப்பட்ட ஒருவரைப் பற்றிப் பெட்டிச் செய்தி. எண்ணிக்கைக்கு இரங்காத மனசும் ஒரு ஆளுக்கு இரங்கும் என்பது அவள் கற்றுவைத்திருந்த தொழில் ரகசியம். அந்த ஆளாகத் தம்பியைப் போட்டாள். மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார், மகளைத் தூக்க முடியவில்லை என்று எழுதினாள்.

“பெரியவங்க இதையெல்லாம் படிப்பாங்களாக்கா?”

“படிப்பாங்கடா. நீ முதல்ல அந்த வேலைய விடு.”

“அதான் குழாய் வரப்போகுதே. அதுவரைக்கும் ஓட்டிடுறேன்.”

எழுதியது அக்கா. அதற்கு மேல் அவனுக்கு என்ன உத்தரவாதம் வேண்டும்?

செயலாளர் படித்தார், கடைசி வரி வரைக்கும். அவளை அறைக்குக் கூப்பிட்டு எழுந்து நின்று பாராட்டினார்.

“எழுதுனா இப்படி எழுதணும்மா! எல்லாப் பிரிவுக்கும் மாதிரியா அனுப்பச் சொல்லிட்டேன். நம்ம அதிகாரிகளுக்கு நீங்களே ஒரு பயிற்சி எடுங்க.”

“அந்தக் குழாய் விஷயம், சார்?”

“அது தொழிலாளர் துறைம்மா. அவங்களுக்கும் ஒரு பிரதி போகும்.”

போனது. அங்கிருந்தும் பாராட்டுக் கடிதம்தான் வந்தது. அதைக் கிழித்துப் போட அவளுக்குக் கை வரவில்லை என்பதுதான் கேவலம்.

“என்னக்கா ஆச்சு?” என்று தம்பி கேட்கும்போதெல்லாம், “ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்கடா” என்றாள். அது பொய்யில்லை. பொய் சொல்லியிருந்தால் அவள் முகத்திலேயே கண்டுபிடித்திருப்பான். நம்பிக் கொட்டகைக்குப் போய்க்கொண்டே இருந்தான், படுக்கையில் விழும்வரை. விழுந்தவன் எழவில்லை.

விடுப்பு முடிந்து அவள் திரும்பியபோது பயிற்சிக்குத் தேதி குறித்திருந்தார்கள். திரையில் அவளுடைய இரண்டு பக்கம். வரி வரியாக விளக்கிக்கொண்டு வந்தாள். பெட்டிச் செய்தியை மட்டும் சட்டென்று தாண்டிவிடப் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு பெண் அதிகாரி எழுந்தாள். நல்ல பெண்தான், அக்கறையோடுதான் கேட்டாள்.

“மேடம், ஒரு சின்ன யோசனை. இந்தப் பெட்டிச் செய்தியில அவர் கஷ்டப்படுறார்னு மட்டும்தான் இருக்கு. இறந்துட்டார்னு இருந்தா இன்னும் அழுத்தமா இருக்காதா?”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இறந்துட்டார்,” என்றாள்.

“அதான் மேடம்! இப்பப் பாருங்க, எவ்வளவு நல்லா வந்துடுச்சு,” என்று அந்தப் பெண் முகம் மலர உட்கார்ந்தாள். மற்றவர்கள் குனிந்து திருத்தத்தை எழுதிக்கொண்டார்கள்.