டத்தோவும் நவமணியின் இருமலும்

ஜோர்ஜ்டவுனே மழைக்கு வேண்டிக்கொண்டிருந்த மாதத்தில், புகைமூட்டம் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சாமியிடம் கேட்டவள் நவமணி ஒருத்திதான். சாமிக்கே குழப்பமாகியிருக்கும்.

அவளுக்கு இருமல். படியேறினால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதினார்கள். ஆனால் கடலுக்கு அக்கரையில் காடு எரிந்து, ஜெரெபு என்கிற அந்தப் புகைமூட்டம் வந்து, ஊரே இருமிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் தன் இருமலையும் கலந்துவிட்டால் யாரும் தனியாகப் பிரித்துப் பார்க்கமாட்டார்கள் என்று அவள் நம்பினாள்.

பாலத்துக்கு அப்பால், பிறை என்ற ஊரில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. கண்ணை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் வெள்ளை உடுப்பில் மூடிக்கொண்டு, வடிகட்டிய காற்றில் நிற்க வேண்டும். மேனேஜருக்குப் பயப்படாதவர்கள்கூட அங்கே தூசிக்குப் பயப்படுவார்கள். அந்த அறைக்குள் அவள் ஒருநாளும் இருமியதில்லை. பஸ்ஸில் பாலம் கடந்து வந்து வீட்டுக் கதவைத் திறந்ததும் ஆரம்பித்துவிடும்.

“அங்க ஜெரெபு உள்ள வராதுல்லக்கா, அதான் லா,” என்றாள் பக்கத்து வீட்டு ஷஹீரா. லிட்டில் இந்தியாவில் துணிக்கடையில் நிற்பவள், எதையும் விற்றுவிடுவாள். நவமணி இந்த விளக்கத்தைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

ஏனென்றால் வீட்டில் டத்தோ இருந்தார்.

டத்தோ ஒரு கிளி. சாம்பல் உடம்பு, தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. சிறகை உதறினால் பவுடர் டப்பாவைத் தட்டியதுபோல் தூள் பறக்கும். நாட்டில் பட்டம் வாங்கிய டத்தோக்கள் இத்தனை பேர் இருக்க, நம் வீட்டில் ஒருவர் இருந்தால் என்ன என்று பெயர் வைத்தவர் அவள் கணவர் நல்லமுத்து. ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்த இடத்தில் மரியாதை வாங்கிக்கொண்டதால் பெயரும் பொருந்திப் போயிற்று.

நல்லமுத்து லாரி ஓட்டி ஓய்ந்தவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளோடு பேசியதையெல்லாம் ஒரு கரண்டியில் அள்ளிவிடலாம். சோறு போடவா என்றால் “ம்”. மகள் லோகேஸ்வரி கோலாலம்பூர் போகிறேன் என்று அழுதுகொண்டு நின்றபோதும் “ம்”. டத்தோ வந்த பிறகுதான் அந்த வாய்க்கு மதகு திறந்தது.

“டத்தோ, முட்டி வலிக்குதுடா. சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவா.”

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்ட நவமணி, மறுநாள் தைலம் வாங்கி வந்தாள்.

“லோகு போனே பண்ணல பாத்தியா? கேட்டா கோவம் வரும் அதுக்கு.”

நவமணி லோகுவைக் கூப்பிட்டு, கோபம் வருகிற அளவுக்கே கேட்டாள்.

“ஒருதடவ ஈப்போ பக்கம் லாரி கவுந்துச்சுடா டத்தோ. செத்தேன்னுதான் நெனச்சேன்.”

நறுக்கிய கை நின்றுவிட்டது. லாரி கவிழ்ந்ததே அவளுக்குத் தெரியாது. டத்தோ பதிலுக்கு ஒரு விசில் அடித்தார். அவ்வளவுதான் அவருக்கு வரும்.

பிறகு மழை கொட்டியது. வானம் கழுவிவிட்டதுபோல் ஆயிற்று. ஊர் இருமலை நிறுத்தியது. நவமணி நிறுத்தவில்லை.

“ஆன்ட்டி, போன தடவ வீட்டுல பூனை இருக்கான்னு கேட்டேன்,” என்றாள் கிளினிக் டாக்டர்.

“பூனை இல்லைன்னேன். பொய் சொல்லலயே.”

“வேற எதாச்சும்?”

“கிளி ஒண்ணு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். “அலர்ஜியா இருக்கலாம் ஆன்ட்டி. உறுதியா இப்பவே சொல்ல முடியாது. கொஞ்ச நாள் தள்ளி வச்சுப் பாருங்க. மூச்சு விடக் கஷ்டமா இருந்தா உடனே வாங்க.”

வீட்டில் சொன்னாள். நல்லமுத்து “ம்” என்றார். அன்று மாலையே கூண்டை வாசலுக்கு வெளியே, மாடி நடைபாதையில் மாட்டினார். பக்கத்தில் தன் நாற்காலியையும் கொண்டுபோய்ப் போட்டார். நவமணி வீட்டை ஈரத்துணியால் துடைத்து, கதவையும் கண்ணாடி ஜன்னலையும் சாத்தினாள்.

இருமல் அடங்கத் தொடங்கியது. நல்ல செய்திதான். அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்து சமையலறையில் நின்றால், குழாய் சொட்டுவது கேட்டது. தொழிற்சாலையின் அதே சுத்தமான அமைதி. அவருக்கு முட்டி எப்படி இருக்கிறதோ, யார்மேல் கோபமோ, ஒரு தகவலும் இல்லை. வெளியே டத்தோவுக்கு மட்டும் எல்லாம் தெரிகிறது என்று நினைக்கையில் வந்த பொறாமையை எந்த டாக்டரிடம் காட்டுவது?

துணி காயப்போடும்போது ஷஹீராவிடம் மெதுவாக விசாரித்தாள். “அண்ணன் வெளிய உக்காந்து என்னா பேசுறாரு?”

“பேச்சா? ஏங்க்கா, அண்ணனுக்கும் டத்தோவுக்கும் சண்டையா? ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நேத்து நானே போய்ச் சமாதானம் பண்ணலாமான்னு பாத்தேன்.”

“ஒண்ணுமே பேசலயா?”

“விசில்கூட இல்லக்கா!”

அன்று மாலை நவமணி ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தாள். நல்லமுத்து கைகளை மடியில் போட்டுக்கொண்டு, கிளியைப் பார்க்காமல், சாத்திய ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல. அவள் நிழலைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பு வரவில்லை. நாளெல்லாம் நின்ற கால் வலிதான் தெரிந்தது. இத்தனை வருஷமும் இந்த மனுஷனுக்கு நேராக நாலு வார்த்தை வராமல், நடுவில் ஒரு டத்தோவைப் போட்டு அவளுக்குத்தான் மனு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அலமாரியில் இருந்த முகக்கவசத்தை எடுத்து மாட்டினாள். நாற்காலியை ஜன்னலுக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிச் சட்டங்களைத் திறந்தாள். தொண்டை அரித்தது. இருமினாள்.

வெளியே நல்லமுத்து கனைத்துக்கொண்டார்.

“டத்தோ,” என்றார், திரும்பாமலே. “ராத்திரி இவ இருமுற சத்தத்துல நான் தூங்கவே மாட்டேன்டா. இப்ப சத்தம் இல்ல. இப்பவும் தூக்கம் வரமாட்டேங்குது. மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே படுத்திருக்கேன்.”