காளிக்குப் போட்டோ பார்த்த வார்டன்

இசக்கிசெல்வி வார்டன் ஆன கதையை விடுதிப் பெண்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். காதல் தோல்வி என்பாள் ஒருத்தி, ஜாதகக் கோளாறு என்பாள் இன்னொருத்தி. உண்மை ரொம்பச் சாதாரணமானது. தூத்துக்குடியில் அந்தப் பெண்கள் கல்லூரிக்குப் படிக்க வந்தாள், படித்து முடித்தாள். அண்ணன்மார் இருவரும் உடன்குடியில் சொத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்ததால் அவளைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. விடுதியில் உதவிக் காப்பாளர் வேலை காலியாக இருந்தது, சேர்ந்துகொண்டாள். பெட்டியை மாடியிலிருந்து கீழறைக்கு இறக்கி வைத்தாள், அவ்வளவுதான்.

அந்த விடுதிக்கு விதிகள் நிறைய. ஆறு மணிக்குக் கதவைப் பூட்ட வேண்டும். மொட்டை மாடிக்குப் போகக் கூடாது, போனால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்காரன் பார்த்துவிடுவானாம். ஜன்னலோரம் நின்று போன் பேசக் கூடாது. ஜன்னலை விட்டுத் தள்ளி நின்றால் சிக்னல் கிடைக்காது, ஆகவே பேசவே கூடாது என்று பொருள். ஆண்கள் விடுதியிலும் விதி இல்லாமல் இல்லை. பைக்கை வரிசையாக நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாய விதி ஒன்று உண்டு. பெண்ணை ஊருக்கு அழைத்துப்போக அப்பாவோ அம்மாவோ நேரில் வர வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் போட்டோவோடு முகம் பொருந்த வேண்டும். மாமா, அண்ணன், சித்தப்பா எதுவும் செல்லாது. ஒருதரம் 'மாமா'வோடு போன பெண் அந்த மாமாவையே கட்டிக்கொண்டு திருச்செந்தூரில் செல்போன் கடை வைத்துச் சந்தோஷமாக இருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை நிர்வாகத்தால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இன்னொருதரம் இப்படி நடந்தால் நீங்களும் பெட்டியைக் கட்டலாம் என்று கல்லூரிச் செயலர் இசக்கிசெல்வியிடம் சொல்லிவிட்டார். பெட்டி கட்டுவது பெரிய காரியமில்லை. கட்டிக்கொண்டு எங்கே போவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் யாரையும் நம்புவதில்லை.

தசராவின் பத்தாம் நாள் மத்தியானம் மேளம் முழங்க ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. வாட்ச்மேன் நல்லக்கண்ணு உள்ளே ஓடி வந்தார்.

"மேடம், காளி வந்திருக்கு."

"காணிக்கை போட்டு அனுப்புங்க அண்ணாச்சி."

"காணிக்கைக்கு இல்ல மேடம். மூணாம் வருசம் சண்முகப்ரியாவக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கு. அவ அப்பாவாம்."

குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, சூரசம்ஹாரத்துக்குள் கோயில் சேர்ந்துவிட வேண்டும். நிற்க நேரமிருக்காது. இசக்கிசெல்வி போட்டோவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். போட்டோவில் சாத்தான்குளத்துப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக இருந்தார். வாசலில் கருநீல முகம், கோரைப்பல், தொங்கும் நாக்கு, தகரத்தில் எட்டுக் கை, இடுப்புவரை சடை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பொருந்துகிறது என்றும் சொல்ல முடியவில்லை, பொருந்தவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"அந்தக் கிரீடத்தையும் பல்லையும் கொஞ்சம் எடுத்தா…" என்று ஆரம்பித்தாள்.

மேளக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். "என்ன பேச்சு பேசுதிய? கோயில் சேராம கிரீடத்த எறக்குனா ஊருக்கு ஆவுமா? மவ தட்டேந்திக் கூட வரணும்னு நேர்ச்ச. நேரமாவுது, புள்ளைய அனுப்புங்க."

நல்லக்கண்ணு காதருகே வந்தார். "அம்மா வந்தாலும் அனுப்பலாம்னு விதியில இருக்குல்லா மேடம்? இது அம்மாதான?" வக்கீலாக வேண்டியவர், வாட்ச்மேன் வேலையில் வீணாகிப் போனார்.

சண்முகப்ரியாவின் வீட்டு எண்ணுக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. செயலருக்குச் செய்தாள். அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"விதின்னா விதிதான். அதுக்காக சாமி குத்தமும் ஆயிடக் கூடாது. நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க. ஏதாவது ஒண்ணுன்னா பொறுப்பு உங்களோடது."

விதி அவருடையது, பொறுப்பு இவளுடையது. சம்பளமும் அந்தப்படியே மாறிக் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

சண்முகப்ரியா பையோடு படியில் நின்றிருந்தாள். "ஏளா, இது ஒங்க அப்பாதானா?" என்று கேட்டாள் இசக்கிசெல்வி. பெண்களைக் கேள்வி கேட்பது அவளுக்கு வழக்கம், பதிலை நம்புவது வழக்கமில்லை.

"ஆமா மேடம். எங்கப்பாதான்."

காளி சூலத்தை ஊன்றிக்கொண்டு இசக்கிசெல்வியைப் பார்த்தது. சிறுவயதிலிருந்து தசராவுக்குத் தசரா இந்த முகத்தைக் கும்பிட்டு வளர்ந்த உடம்பு அவளுடையது. வார்டன் வேலையை மறந்து சடாரென்று காலில் விழுந்துவிட்டது. நெற்றியில் குங்குமம் வாங்கிக்கொண்டு எழுந்து, "கூட்டிட்டுப் போங்கம்மா" என்றாள்.

வேன் போன பிறகுதான் போட்டோ கையிலேயே இருப்பதைப் பார்த்தாள். அன்றைக்கும் மறுநாளும் சோறு இறங்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் செல்போன் கடை ஞாபகம் வந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் சண்முகப்ரியா கோயில் பிரசாதத்தோடு வந்து நின்றாள். இசக்கிசெல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒங்கப்பா வேசம் பிரமாதம்ளா. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டாள். "அது சித்தப்பா மேடம். அப்பா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில கெடக்காவ. அவுக பொழைக்கணும்னுதான் நேர்ச்சையே."

இசக்கிசெல்விக்குக் கோபம் தலைக்கேறியது. "என் சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தியே! ஒரு வார்த்த உள்ளதச் சொன்னா என்ன?"

"போன மாசம் சொன்னேன் மேடம். அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஊருக்குப் போவணும்னு இதே எடத்துல நின்னு சொன்னேன். வெள்ளிக்கிழம ஆனா எல்லா அப்பனுக்கும் நெஞ்சு வலிக்கும், போய்ப் படின்னிய."

இசக்கிசெல்விக்கு அது நினைவிலேயே இல்லை. வாராவாரம் யாரிடமாவது சொல்வதுதான். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள். வெட்கத்தில் முகம் சுட்டது.

"இப்ப எப்படி இருக்காவ?"

"கண்ண முழிச்சுட்டாவ. ஒரு கை வரல. எங்கம்மா ஒத்தையில கெடந்து பாடுபடுதா."

விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். பொய் சொல்லி வெளியே போன மாணவியைப் பதினைந்து நாள் விடுதியிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தது. எழுதிய மகானுக்கு வீடு என்பது தண்டனையாகப் பட்டிருக்கிறது. ஆணையை எழுத உட்கார்ந்தாள். காரணம் எழுத வேண்டும். காப்பாளர் முகம் பார்க்காமல் சித்தப்பாவோடு அனுப்பிவைத்ததை மறைத்துக் காரணம் எழுத வழியில்லை, படிக்கப் போவதோ செயலர். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாள். பிறகு உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பதினஞ்சு நாள் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. போய் ஒங்கப்பா பக்கத்துல இரு. கூட்டிட்டுப் போவ சித்தப்பாவ வரச் சொல்லு."

சண்முகப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். சேதி அவளுக்கு முன்னால் ஓடிவிட்டது.

"அப்பன் ஆஸ்பத்திரில கெடக்கையில புள்ளைய சஸ்பெண்ட் பண்ணுதாளே, இவளுக்கெல்லாம் நல்ல சாவு வருமா?" என்று மேலே யாரோ சொன்னது கீழறைவரை கேட்டது.

இசக்கிசெல்வி மறுத்துப் பேசப் போகவில்லை. முகத்தைக் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு, தாளை எடுத்துக்கொண்டு செயலர் அறைக்குக் கிளம்பினாள்.